நாட்டின் மருத்துவச் செலவு யாருக்கு உதவுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வாரத்தில் சுகாதாரத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று தலைப்புச் செய்தி வரும். போன வருஷத்தை விடக் கூடியதா குறைந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பணம் நோயாளியிடம் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் இந்தியாவையும் தமிழ்நாட்டையும் பற்றியவை. தேவைப்பட்ட இடத்தில் இலங்கையும் தாய்லாந்தும் வரும்.

இந்தியா மருத்துவத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறது?

மத்திய அரசு தேசிய சுகாதாரக் கணக்கு என்று ஒன்றை வெளியிடுகிறது. 2021-22க்கான கணக்கின்படி மொத்தச் செலவு 9 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.83 சதவீதம், தலைக்கு 6,602 ரூபாய். இதில் மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகள் சேர்ந்து போட்டது 48 சதவீதம். மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தது 39.4 சதவீதம். மிச்சம் தனியார் காப்பீடு, கம்பெனிகள், தொண்டு அமைப்புகள் என்று பிரிகிறது.

நாட்டின் செலவு என்றதும் அரசின் செலவைத்தான் நினைக்கிறோம். மருந்துக் கடையில் நீங்கள் நீட்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் இந்தச் செலவு சமூகத்துக்குப் பயன்படுகிறதா என்று கேட்கும்போது, எவ்வளவு என்பதற்கு முன்னால் யார் பையிலிருந்து, எந்த நேரத்தில் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கைச்செலவு 64 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்துவிட்டதாமே. நல்ல செய்திதானே?

2013-14ல் 64.2, 2019-20ல் 47.1, 2021-22ல் 39.4. திசை நல்ல திசைதான். மறுக்கவில்லை. ஆனால் இந்த எண்ணைக் கொண்டாடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

2021-22 கொரோனா ஆண்டு. தடுப்பூசிக்கு மட்டுமே அந்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 35,000 கோடி ஒதுக்கினார்கள். அரசின் பங்கு பெரிதானால் மக்களின் பங்கு சதவீதக் கணக்கில் தானாகச் சிறுக்கும். சுகாதாரத்துக்கான அரசுச் செலவு 2019-20ல் மொத்த உற்பத்தியில் 1.35 சதவீதமாக இருந்தது, இரண்டே வருஷத்தில் 1.84 ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, கைச்செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது. 2017-18ல் வீடு வீடாக எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை அடியாக வைத்துத்தான் பிந்தைய ஆண்டுகளுக்கும் மதிப்பிடுகிறார்கள். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக நகையை விற்ற குடும்பங்களின் செலவு, நான்கு வருஷம் முன்னால் எடுத்த கணக்கெடுப்பில் எப்படி இருக்கும்? அந்தக் கோடையைத் தாண்டி வந்த யாருக்கும் 39.4 என்ற எண் கொஞ்சம் விநோதமாகத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் படுத்திருப்பவரின் கைச்செலவு பூஜ்யம். கணக்கில் அவர் பாதுகாக்கப்பட்டவர் மாதிரியே தெரிவார். செலவு குறைந்ததற்குச் சிகிச்சை இலவசமானது காரணமா, சிகிச்சையையே கைவிட்டது காரணமா என்பதை இந்த ஒற்றை எண் சொல்லாது.

'சமூகத்துக்குப் பயன்' என்கிறீர்கள். எது பயன் என்பதை யார் தீர்மானித்தது?

இந்தியாவில் எழுத்தில் உள்ள பழைய பதில், 1943ல் அமைக்கப்பட்டு 1946ல் அறிக்கை தந்த, சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவுடையது. காசு இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் தகுந்த வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்பதும், கிராமம் வரை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்பதும் அதன் அடிப்படை. இன்று உங்கள் ஊர்ப் பக்கம் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேர் அங்கே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்று நோக்கங்களைச் சொன்னது: மக்கள் ஆரோக்கியமாக இருப்பது, அவர்களை மரியாதையோடு நடத்துவது, செலவின் பாரம் நியாயமாகப் பகிரப்படுவது. அதே அறிக்கையில் நாடுகளுக்கு ரேங்க்கும் போட்டார்கள். பிரான்ஸ் முதலிடம், அமெரிக்கா 37, இந்தியா 112. அந்த ரேங்க் போட்ட முறையைப் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள், நியாயம்தான். மூன்று நோக்கங்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. நான் அவற்றை வைத்துத்தான் கீழே பேசுகிறேன். இரண்டாவதை, அதாவது மரியாதையை, நம் ஊரில் அதிகம் அளப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜி.எச். வார்டில் அட்டெண்டருக்குக் கொடுக்கும் ஐம்பது ரூபாய் எந்தக் கணக்கிலும் வராது.

2.5 சதவீதம் என்று ஒரு இலக்கு சொன்னார்களே, அது என்ன ஆயிற்று?

2004ல் மத்தியில் வந்த கூட்டணி ஆட்சி, சுகாதாரத்துக்கான அரசுச் செலவை மொத்த உற்பத்தியில் 2 முதல் 3 சதவீதம் ஆக்குவோம் என்றது. 2011ல் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான நிபுணர் குழு, 2017க்குள் 2.5, 2022க்குள் 3 என்றது. 2017ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் 2.5 என்றது. எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது, வருஷம் மட்டும் நகர்கிறது. கட்சி பேதமில்லாமல் இதில் எல்லோருக்கும் ஒற்றுமை.

மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குத் தரவேண்டும் என்பதும் அதே 2017 கொள்கையில் இருக்கிறது. தமிழ்நாடு 2025-26ல் ஒதுக்கியது 21,906 கோடி. தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் 8 சதவீதத்தை அது எட்டவில்லை.

அதிகம் செலவழித்தால் மக்கள் அதிக நாள் வாழ்வார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஏழை நாட்டில் ஓரளவு வரை ஆமாம். அதற்கு மேல் இல்லை. அமெரிக்கா 2023ல் தன் உற்பத்தியில் 17.6 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழித்தது; தலைக்குச் சுமார் 14,500 டாலர். அங்கே சராசரி ஆயுள் 78.4. இலங்கை 4 சதவீதத்தை ஒட்டித்தான் செலவழிக்கிறது, ஆயுள் 76, 77 என்று வருகிறது. இந்தியாவில் 70ஐ நெருங்கி நிற்கிறோம்.

இலங்கையில் 1951ல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஊர் தோறும் குடும்ப நல மருத்துவிச்சி வீட்டுக்கு வருவது அங்கே பல தலைமுறைப் பழக்கம். 2016ல் மலேரியா அறவே இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. சத்தமில்லாமல் செய்த வேலை.

ஆனால் இதே இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பாருங்கள். தோட்ட ஆஸ்பத்திரிகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தன. நாட்டின் பொது ஏற்பாட்டுக்குள் அவை வந்தது மிகத் தாமதமாக, அதுவும் அரைகுறையாக. 2016ல் எடுத்த கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். குறைந்த செலவில் நிறைந்த பலன் என்று உலகமே இலங்கையைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, தேயிலை பறிக்கும் தமிழ்த் தாய்மாரின் பிள்ளைகள் அந்தச் சராசரிக்குக் கீழே மறைந்திருந்தார்கள். இந்தியாவின் சராசரிகளையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்நாடு பெரிதாகச் செலவழிக்காமலேயே நல்ல பெயர் வாங்கியது எப்படி?

முதலில் பெயருக்கான ஆதாரம். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. பிறந்த குழந்தைகள் ஆயிரத்தில் ஒரு வயதுக்குள் இறப்பது 2020ல் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. (கேரளாவின் எண்கள் 19, 6. அந்தப் பக்கம் பார்த்தால் நம் தோள் கொஞ்சம் தளரும்.)

காரணங்களில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் இரண்டுமே ரிப்பன் வெட்டும் விழாவுக்கு உதவாதவை.

ஒன்று, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி ஆள்படை. 1939லேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. சிகிச்சை பார்க்கும் டாக்டர்கள் ஒரு பக்கம். குடிநீர், கொசு, தொற்றுநோய், தடுப்பூசி இவற்றையே வேலையாகக் கொண்ட அதிகாரிகள் இன்னொரு பக்கம் என்று தனி இயக்ககம் இருக்கிறது. பல மாநிலங்களில் இந்தப் பிரிவு இல்லை. அங்கே ஆஸ்பத்திரியின் அவசரம் தடுப்பு வேலையை விழுங்கிவிடுகிறது. கீழே, ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் 'நர்சம்மா' என்றால் இவர்தான். எந்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது மாமியாருக்கு அடுத்து இவருக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 1987ல் 300 ரூபாயாகத் தொடங்கி 18,000 வரை வந்திருக்கிறது. அந்தப் பணத்தைவிட, அதை வாங்குவதற்காகக் கர்ப்பம் ஆரம்பத்திலேயே பதிவாவது பெரிய லாபம்.

இரண்டு, மருந்து. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் அமைக்கப்பட்டது. அதற்கு முன் அவரவர் வாங்கினார்கள், அவரவருக்கு ஏற்ற விலையில். கழகம் வந்தபின் ஒரே பட்டியல், ஒரே டெண்டர், கம்பெனிப் பெயரில்லாத மூலப்பெயர் மருந்துகள், மாவட்டம் தோறும் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் வரவு வைத்த தொகைக்குத் தனக்குத் தேவையான மருந்தை அது எடுத்துக்கொள்ளும். இந்த ஊரில் பாம்புக்கடி அதிகம், அந்த ஊரில் ஆஸ்துமா அதிகம் என்பது சென்னையில் இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை. வரும் மருந்தின் மாதிரியை, தயாரித்தவர் பெயர் தெரியாமல் மறைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ராஜஸ்தான் 2011ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோதும், அதற்கு முன் கேரளா தன் கழகத்தை அமைத்தபோதும் கையில் வைத்திருந்த மாதிரி இதுதான். மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இந்த மாநிலத்தில் சுகாதாரத்துக்குப் போட்ட ரூபாய்களில் அதிகம் வேலை செய்த ரூபாய் அந்த அட்டையில் இருக்கிறது.

இப்போது காப்பீட்டு அட்டை வந்துவிட்டது. இனி என்ன கவலை?

அட்டையின் வரலாறு சுருக்கமாக: 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம்; 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்; 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கிவைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைப்பு. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஊரில் இன்னும் 'கலைஞர் காப்பீடு' என்றுதான் பெயர்.

கூலி வேலை செய்பவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடக்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை. 2017-18 கணக்கெடுப்பில், ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் (பிரசவம் நீங்கலாக). பெரிய அறுவை என்றால் இதைப்போலப் பல மடங்கு. வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்த்த தலைமுறைக்கு அட்டையின் மதிப்பு தெரியும்.

ஆனாலும் அட்டை படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். ஒரு குடும்பத்தின் கைச்செலவில் பெரும் பகுதி மருந்தும், புறநோயாளியாகப் போய்வரும் செலவும், பரிசோதனையும். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்குபவருக்கு அட்டை ஒன்றும் செய்யாது. மாத்திரையை விட்டு, சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் வரை போனால் அப்போது பணம் கொடுக்கும். மருத்துவச் செலவு சமூகத்துக்கு உதவுகிறதா என்ற கேள்வியின் மையம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. நோயின் தொடக்கத்தில் வரும் நூறு ரூபாயும் முடிவில் வரும் ஒரு லட்சமும் கணக்குப் புத்தகத்தில் 'சுகாதாரச் செலவு' என்ற ஒரே தலைப்பில்தான் விழுகின்றன. லட்சம்தான் பெரிய எண், அதனால் அதுவே சாதனையாக அறிவிக்கப்படுகிறது.

மோசடியும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பத்து இடத்திலும் ஒன்பது போட்ட ஒரே கைபேசி எண்ணோடு சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. அவர்கள் எல்லோரும் போலி என்று அர்த்தமில்லை. எண் கட்டாயம் என்றதும் ஏதோ ஒன்றை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் நாளை ஒருவரின் பெயரில் பில் போட்டால், அவருக்கு அதைத் தெரிவிக்க வழியில்லை.

பணம் எல்லாம் காப்பீட்டுக்கே போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு 99,859 கோடி. அதில் ஆயுஷ்மான் காப்பீட்டுக்கு 9,406 கோடி. ஊர் அளவிலான வேலைகளைத் தாங்கும் தேசிய சுகாதார இயக்கத்துக்கு 37,227 கோடி. ஃப்ளெக்ஸ் பேனர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும்.

சுகர், பிரஷருக்கு அரசு எதுவும் செய்யவில்லையா?

செய்கிறது. தாமதமாகத் தொடங்கியது, ஆனால் தொடங்கியது. 2020ல் தமிழ்நாட்டில் எடுத்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு ஒரு அதிர்ச்சி. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோய் உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். பிரசவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம், பிரஷரில் நூற்றுக்கு ஏழு பேரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மாத்திரை இலவசமாக இருந்தபோதே இந்த நிலை. அரை நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று வாங்கும் மாத்திரை உண்மையில் இலவசம் இல்லை என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதற்குப் பதில். சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும், வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளும் உண்டு. 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்தது. அடுத்த கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்கள் இரண்டு நோயிலும் 17 சதவீதத்தை ஒட்டி வந்தார்கள்.

7லிருந்து 17 பெரிய ஏற்றம். 17 என்பது இன்னும் சிறிய எண். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும். ஆளும் கட்சிக்காரர் முதல் பாதியையும், எதிர்க்கட்சிக்காரர் இரண்டாம் பாதியையும் மட்டும் சொல்வார்கள். எனக்குள்ள கவலை வேறு: இந்த வேலையைத் தாங்கும் பெண்களுக்குக் கிடைப்பது சொற்ப மதிப்பூதியம். நாள்முழுக்க வீடு வீடாக நடப்பவரை 'தன்னார்வலர்' என்று அழைப்பது அரசுக்கு வசதியான பெயர்.

எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்பது வெற்றிதானே? சிசேரியன் அதிகம் என்று ஏன் குறை சொல்கிறீர்கள்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு ஆஸ்பத்திரியில் 36. இந்தியச் சராசரி 21.5. சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டியபின், அதைக் கூட்டுவதால் தாய் சேய் இறப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொல்லியிருக்கிறது.

தனியாரில் காசு ஒரு காரணம் என்பது ஊரறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஏன் 36? அங்கே டாக்டருக்கு அறுவைக்குக் கூடுதல் வருமானம் இல்லையே. ஒவ்வொரு தாய் இறப்பும் மேலிடத்தில் விசாரணைக்குப் போகும். அந்த விசாரணை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே விசாரணையின் பயம், பொறுத்துப் பார்க்கலாம் என்ற நிலையிலுள்ள பிரசவத்தையும் கத்தியை நோக்கித் தள்ளுகிறது. நல்ல நாள் பார்த்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் குடும்பங்களும் இதில் பங்காளிகள். செலவு கூடுகிறது, தாயின் உடம்பு இன்னும் பல வருஷம் அதன் விலையைக் கொடுக்கிறது, சமூகத்துக்கு வந்த லாபம் ஒன்றுமில்லை. அதே கணக்கெடுப்பில் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்து மாத்திரை விலை குறைந்தது. அதை விழுங்கவைப்பதற்கு, ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று காப்பீட்டில் தருவது போன்ற எந்தத் தொகுப்புக் கட்டணமும் இல்லை.

நான் வரி கட்டுகிறேன், ஆனால் தனியாருக்குத்தான் போகிறேன். அரசுச் செலவால் எனக்கு என்ன லாபம்?

உங்கள் தனியார் டாக்டர் அரசு மருத்துவக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்தவராக இருக்கலாம். உங்கள் தெருவில் டெங்கு வந்தால் புகை அடிப்பதும் தொட்டியைச் சோதிப்பதும் அரசு. 2008லிருந்து ஓடும் 108 ஆம்புலன்ஸ், வீட்டு வாசலில் வருமானச் சான்று கேட்பதில்லை. சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, நீங்கள் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அரசு பணம் கட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய வரி முறையில் காப்பீட்டு பிரீமியத்துக்கு வரிக்கழிவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் தனியாருக்குப் போவதற்காக அரசு விட்டுக்கொடுக்கும் வருமானம் இது. சுகாதார பட்ஜெட்டில் இது வராது. அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்பவர் இலவசம் வாங்குகிறார் என்று சொல்லும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி கட்டுவது நல்ல செலவா?

2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. செலவு சுமார் 4,000 கோடி. நீலகிரியிலும் ராமநாதபுரத்திலும் இருப்பவர்கள் பெரிய சிகிச்சைக்குக் கோயம்புத்தூர், மதுரை என்று ஓடிய தூரம் குறைந்தது. அது உண்மையான பயன். கட்டடம் ஒருமுறைச் செலவு; பேராசிரியர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் சம்பளம் ஒவ்வொரு மாதமும். முதலாவதற்குக் கல்வெட்டு உண்டு. இரண்டாவதில் சிக்கனம் பிடிக்கும்போது நர்சுகள் வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் நிற்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடுகிறார்கள்.

டாஸ்மாக் பற்றி ஏன் யாரும் இந்தப் பேச்சில் சொல்வதில்லை?

சொல்லவேண்டும். 2023-24ல் மதுவிலிருந்து மாநிலத்துக்கு வந்த வருவாய் 45,855 கோடி. அடுத்த ஆண்டு சுகாதாரத்துக்கு ஒதுக்கியது 20,198 கோடி. ஒரு கவுண்டரில் வாங்கியதில் பாதிக்கும் குறைவை இன்னொரு கவுண்டரில் திருப்பிக் கொடுக்கிறோம். அதிலும் ஒரு பகுதி கல்லீரல் வார்டுக்கும் விபத்து வார்டுக்கும் போகிறது. உடனே மூடிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. கள்ளச்சாராயம் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். ஆனால் சுகாதாரச் செலவின் பலனை அளக்கும்போது இந்த வரவை ஒளித்துவைத்துவிட்டு அளக்கக்கூடாது.

தாய்லாந்து எல்லோருக்கும் இலவச வைத்தியம் தருகிறது என்கிறார்கள். நம்மால் முடியுமா?

தாய்லாந்து 2002ல் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்துக்கு 30 பாட் திட்டம் என்று பெயர் (பாட் அந்த நாட்டு நாணயம்). ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் அவ்வளவுதான் கட்டணம். பணம் வரியிலிருந்து. ஒரு மாவட்டத்தில் இத்தனை பேர் என்று தலைக்கணக்கில் பணம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடும். அதனால் ஒருவரை அறுவைக்கு அனுப்புவதைவிட அவர் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது ஆஸ்பத்திரிக்கே லாபம். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காக இருந்த கைச்செலவு, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது.

அவர்கள் திட்டத்தை அறிவிப்பதற்கு முன்னாலேயே பல வருஷமாகக் கிராமப்புற ஆஸ்பத்திரிகளைக் கட்டி, டாக்டர்களைக் கட்டாயமாக அங்கே அனுப்பியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த அடித்தளம் பெருமளவு இருக்கிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்த அளவுக்கு இல்லை. ஆக இந்தியா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. 2011 நிபுணர் குழு காப்பீட்டு வழி வேண்டாம், வரிப்பணத்தில் நேரடியாகவே கொடுங்கள், அதில் 70 சதவீதம் ஆரம்ப நிலைக்கு என்றது. அதை எடுத்து நடத்திக்காட்ட இந்தியாவில் ஒரு மாநிலத்துக்குத் தகுதி இருக்கிறது என்றால் அது தமிழ்நாடாகவோ கேரளாவாகவோதான் இருக்கும்.

ஒரு சாதாரண ஆள் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இணையத்தில் ஏறும். அதில் திட்டங்களின் பெயரைத் தாண்டி, ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, பணியிடங்களில் எத்தனை காலி என்று தேடுங்கள்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்கு மொத்தமாகத் தருகிறார்களா, பத்து நாளுக்குத்தானா? லேப் டெக்னீஷியன் எல்லா நாளும் இருக்கிறாரா? இரவு பிரசவ வலி எடுத்து வந்தால் அங்கேயே பார்க்கிறார்களா, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்களா? பதில் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது; அங்கே காலிப் பணியிடத்தைப் பற்றித் தீர்மானம் எழுதச் சொல்லி, அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.